தாளில் ஏழு, திரையில் ஐந்து

"இல்லாத வண்டி, இல்லாத ரோடு! அதுல என் தம்பி மட்டும் எப்படிய்யா இருக்குற குத்தவாளி ஆனான்?"

"அம்மா, குரலைக் கொஞ்சம் இறக்குங்க," என்றார் செயலாளர். "விசாரணை நடக்குற எடத்துல பார்வையாளர் சத்தம் போட்டா விதி பன்னெண்டு."

"பன்னெண்டு என்ன, நூத்தி இருபது வரைக்கும் எழுதிக்கோ! ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவனுக்கு என்ன? எழுதுறதும் நீ, நகல் எடுக்குறதும் நீ!"

"உறுப்பினரோட சொந்தத் தொழிலைக் குத்திக்காட்டினா விதி பதினாலு."

"அக்கா, விடு. வா, வீட்டுக்குப் போலாம்."

"நீ சும்மா இருடா! உனக்கு வாய் இருக்குறது சாப்பிடுறதுக்கு மட்டும்தான். ஏங்க! நீங்களாவது சொல்லுங்களேன். வண்டியச் சரி பண்ணிக் கொடுத்தது நீங்கதானே?"

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தபோது கணவர் பக்கத்தில் இல்லை. சுவரோரம் இருந்த தீயணைப்பு உருளைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அதன் மேல் ஒட்டியிருந்த பரிசோதனைத் தேதியை ரொம்பச் சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தார். திரைக்குள் ஓடும் கார் திரைக்குள்ளேயே தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று கழகம் வாங்கி வைத்த உருளை அது.

"நான் என்னத்தச் சொல்ல," என்றார் உருளையிடம்.

அவர் பல்செட்காரர். பல் போனவர்களுக்குப் பல் செய்து கொடுப்பவர். கடைவீதியின் கோடியில் ஒரு சிறிய கடை. ஒரு தலைமுடி கனம் கூடினால் கடி தூக்கும், குறைந்தால் பேச்சு விசிலடிக்கும் என்று தெரிந்த கை அவருடையது. ஆனால் ஊரே அவர் செய்த பல்லைக் காட்டிச் சிரித்தாலும், "இது யார் வேலை?" என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. பல்செட்டின் லட்சணமே அது பல்செட் என்று தெரியாமலிருப்பதுதானே. பேர் வராத தொழில் செய்கிறவனுக்குப் பேர் ஆசை வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தச் சங்கதி.

சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது நெடுநேரத் திரைவழி மோட்டார் ஓட்டக் கழகம். ஆறு மணி நேரம் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் வீடியோ கேம், அவ்வளவுதான். ஆனால் அங்கே போய் 'கேம்' என்று சொன்னால் விதி மூன்று. பத்து மேஜை, பத்து திரை, மேஜையில் திருகி மாட்டிய பத்து ஸ்டீயரிங். கீழே இஸ்திரிப் பெட்டிகள் ஆவி விடும்போது மேலே தரை சுடும். அதைத் தலைவர் "ஓடுதளத்தின் வெப்பநிலை" என்று பதிவேட்டில் குறிப்பார்.

தலைவர், எடை அளவைத் துறையில் முப்பத்தோரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். முத்திரை குத்த ஒன்றும் கிடைக்காமல் வீட்டில் ஆறு மாதம் தவித்துப்போய், சோப்பு டப்பாவுக்கெல்லாம் குத்த ஆரம்பித்ததாகக் கேள்வி. கழகம் அவரைக் காப்பாற்றியது. அல்லது அவர் வீட்டாரைக் காப்பாற்றியது.

இந்த ஆட்டத்தில் ஓட்டுவது பாதி வேலை, வண்டியைச் சீரமைப்பது மறு பாதி. டயரில் எவ்வளவு காற்று, பிரேக் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, பின்பக்க இறக்கை எத்தனை சாய்வு என்று பொத்தானை அழுத்தி அழுத்தி வைக்க வேண்டும். ஒவ்வோர் அழுத்தலும் ஒரு க்ளிக். சின்ன ஓட்டத்துக்கு வேகம் இருந்தால் போதும். ஆறு மணி நேர ஓட்டத்தில் வேகத்தை யார் கேட்டார்கள்? டயர் தேயக்கூடாது, பெட்ரோல் கரையக்கூடாது, ஓட்டுகிறவன் கை ஓயக்கூடாது. "குடும்பம் நடத்துற மாதிரிதான்," என்பார் பல்செட்காரர், மனைவி பக்கத்தில் இல்லாதபோது.

ஓட்டுகிறவர் அவருடைய மனைவியின் தம்பி. நிஜத்தில் பஸ் ஓட்டுகிறவர். ஆகவே ஊருக்கு அவர் பஸ்காரர். அக்காவும் பல்செட்காரரும் இருந்த கட்டிடத்திலேயே ஒரு மாடி கீழே குடியிருந்தார். கல்யாணமாகவில்லை. சாப்பாடு அக்கா வீட்டில். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊசியில் நூல் கோர்க்கலாம் என்று பேர். பல்செட்காரர் மூன்று மாதம் ராவி ராவி ஒரு வண்டியைச் சீரமைத்தார். ஒரு செட் டயர் இருபத்திரண்டு சுற்று தாங்கும். கழகத்தில் வேறெந்த வண்டியும் பதினெட்டைத் தாண்டியதில்லை.

ஓட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வண்டிப் பரிசோதனை. இல்லாத வண்டியை எப்படிப் பரிசோதிப்பது? கழகம் வழி வைத்திருந்தது. வண்டியின் எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, மூன்று நகல் எடுத்து, மேஜை மேல் வைக்க வேண்டும். ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்த நிர்வாகிகள் தாளைச் சுற்றி வருவார்கள். செயலாளர் குனிந்து தாளின் அடிப்பக்கம் பார்ப்பார். தலைவர் தன் பழைய பித்தளைத் தராசை எடுத்துத் தாளை எடை போடுவார். நூலும் அரக்கு முத்திரையும் சேர்த்து ஏழு கிராம். பிறகு தாளுக்கு முத்திரை விழும். கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. "திரை மாறும். தாள் மாறாது," என்பார் தலைவர்.

பல்செட்காரரின் தாளில் பின் இறக்கை: ஏழு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு, மச்சான் டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது, திரையில் அதை அவர் ஐந்தாக்கினார்.

ஏன் என்று கேட்டால், சுவரில் ஒரு பலகை. 'அதிவேகச் சுற்று' என்று தலைப்பு. அதற்குக் கீழே ஓட்டுநர் பெயரோடு சீரமைப்பாளர் பெயரும் எழுதுவார்கள், பெயின்டில். இறக்கையைத் தாழ்த்தினால் நேர்ச்சாலையில் வண்டி பறக்கும். வளைவில் பின்பக்கம் லேசாகும். டயர் சீக்கிரம் தேயும். ரெண்டே க்ளிக்தானே, மாப்பிள்ளை கைக்கு அது ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டே துணியால் பொத்தானைத் துடைத்தார். கைரேகை இருக்கக்கூடாது என்பது போல.

மூன்றாவது சுற்றிலேயே அதிவேகச் சுற்று அவர்களுடையதாயிற்று. செயலாளர் ஏணி போட்டு ஏறிப் பெயின்டால் பெயரை எழுதினார். எழுதி முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பஸ்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மாமா, பின்னாடி லேசா இருக்கே?"

"டயர் இன்னும் சூடாகல மாப்ளே. போகப் போகச் சரியாயிடும்."

போகப் போக அது எப்படிச் சரியாகும்? டயர் தேயத் தேயப் பின்பக்கம் வெண்ணெயில் நின்றது. டயர் மாற்ற வண்டி ஐந்து முறை நின்றது. ஒவ்வொரு முறையும் பல்செட்காரர் எழுந்து மச்சானின் நாற்காலிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட வேண்டும் என்பது விதி. நாற்காலிக்கு ஐந்து சக்கரம். ஐந்தாவதைத் தொட வேண்டுமா என்று ஆராய ஒரு துணைக்குழு இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தது. ஐந்து முறையும் இறக்கையை மறுபடி ஏழுக்கு ஏற்றியிருக்கலாம், ஆட்டம் அதற்கு இடம் கொடுத்தது. கழகம் கொடுக்கவில்லை. எந்த மாற்றமானாலும் 'இருந்தது, ஆக்கியது' என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தில் எழுதி உரக்கப் படிக்க வேண்டும். தாளில் ஏழு இருக்கும்போது, இருந்தது ஐந்து என்று எப்படி எழுதுவது? ஐந்து முறையும் அவர் சக்கரத்தைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். ஐந்தாவது சக்கரத்தையும் தொட்டார். பாவத்துக்கு அது ஒரு பரிகாரம் மாதிரி.

ஐந்தாவது மணி நேரத்தின் முடிவில், தேய்ந்த டயரோடு கடைசி வளைவில் வண்டி பின்னால் வழுக்கிச் சுழன்று, முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த வண்டியின் விலாவில் இடித்தது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் தலைவரின் மருமகன். திரையில் இரண்டு வண்டியும் புகைந்தன. செயலாளர் ஓடிப்போய்த் தீயணைப்பு உருளையைத் தூக்கிவிட்டார். யாரோ பிடித்து நிறுத்தினார்கள்.

மருமகன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துச் சோம்பல் முறித்து, "அப்பாடா, பாத்ரூம் போயிட்டு வரேன்," என்றார். பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலமாக அது பதிவேட்டில் இல்லை.

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு. இந்தக் கதையின் தொடக்கத்தில் கேட்ட சத்தம் அன்றைக்கு வந்ததுதான். தீர்ப்பின் சுருக்கம்: வண்டியைக் கழகம் பரிசோதித்திருக்கிறது. கழகம் பரிசோதித்த வண்டியில் குறை இருக்க முடியாது. ஆகவே குறை ஓட்டுநரிடம். ஆறு மாதத் தடை. அத்தோடு விட்டிருந்தால் போகட்டும். விதி நாற்பத்தொன்று என்று ஒன்று இருந்தது. ஓட்டுநர் வேறெங்காவது வாகனம் ஓட்டுபவராக இருந்தால், பொதுநலன் கருதி அங்கேயும் தீர்ப்பின் நகல் போக வேண்டும். போயிற்று. அழகான தலைப்புத் தாளில், அரக்கு முத்திரையோடு, பஸ் டெப்போவுக்கு.

டெப்போ மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். 'ஆறு மணி நேர ஓட்டம்', 'கவனக்குறைவு', 'மோதல்', 'புகை' என்ற சொற்கள் அவர் கண்ணில் பட்டன. 'திரைவழி' என்பது படவில்லை. பட்டபோது கையெழுத்துப் போட்டாயிற்று. போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுப்பது டெப்போவில் வழக்கமில்லை. தீர்ப்புச் சொன்ன கழகமே குற்றமில்லை என்று எழுதிக் கொடுக்கும் வரை பஸ்காரர் பஸ்ஸைத் தொடக்கூடாது என்று சொல்லி, பயணிகள் தவறவிட்ட பொருள்கள் அறையில் அவரை உட்கார வைத்தார்கள்.

பதினான்கு வருஷமாக பஸ் ஓட்டிய மனுஷன், குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அக்கா வீட்டில் சாப்பிடும்போது கால் தானாக பிரேக் மிதிக்கும் என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுதாள். பல்செட்காரருக்கு அந்தக் கால்தான் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில், செருப்பில்லாமல், இல்லாத பிரேக்கை மெதுவாக மிதிக்கும் கால்.

ஒரு நாள் சாயங்காலம் பஸ்காரர் மாடியேறி வந்து ஒரு கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு மேல்வரிசைப் பல்செட்.

"மாமா, இது நம்ம தயாரிப்பா பாருங்க. அஞ்சாம் நம்பர் பஸ்ல கெடந்துச்சு."

பல்செட்காரர் திருப்பிப் பார்த்தார். அண்ணத்தின் ஓரத்தில் அவருடைய அரத்தின் வளைவு. அவருக்கு மட்டும் தெரியும் வளைவு.

"நம்மளுதுதான்."

"யாரோ சிரிச்சுக்கிட்டே எறங்கிப் போயிருக்காங்க போல. பல்லு மட்டும் பஸ்ல நின்னுருச்சு," என்று பஸ்காரர் சிரித்தார். பிறகு அவரையே பார்த்தார். எதற்கோ காத்திருப்பது மாதிரி. "வேற ஒண்ணுமில்லையே மாமா?"

"வேற என்ன?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பல்செட்காரரின் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, கைக்கும் இறங்கியது. அந்த மாதம் அவர் செய்த செட் மூன்று திரும்பி வந்தன. "கடிச்சா பின்பக்கம் தூக்குதுங்க," என்றார்கள் மூவரும். பின்பக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்த்தது.

நான்காவதாக வந்தவர் கழகத் தலைவரே. அவருக்குக் கீழ்வரிசை புதிதாக வேண்டியிருந்தது. அளவெடுக்க, பசை நிரப்பிய தட்டை வாய்க்குள் வைத்து நான்கு நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். தலைவர் பேசாமல் இருக்கும் நான்கு நிமிஷம் இனி வாய்க்காது என்று பல்செட்காரருக்குத் தோன்றியது. கதவைச் சாத்தினார்.

"ஐயா, வண்டி மேலதான் தப்பு. தாள்ல ஏழு, ஆனா நான் ஓட விட்டது அஞ்சு. ஓட்டத்தன்னிக்குக் காலைல நான்தான் எறக்கினேன். அவன் கேட்டான், நான் பொய் சொன்னேன். அவன் கை நல்ல கை. அந்த வண்டிய அஞ்சு மணி நேரம் ரோட்டுல வச்சிருந்ததே பெரிசு. எனக்குத் தண்டனை கொடுங்க, அவன விட்டுடுங்க."

தலைவரின் கண்கள் விரிந்தன, சுருங்கின. மூக்கால் மூச்சு விட்டார். நான்கு நிமிஷம் முடிந்து தட்டை எடுத்ததும், எச்சில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இது வாய்மொழி. எழுத்துல கொடுங்க. மூணு நகல்."

எழுத்தில் கொடுத்தார். ஒப்புதல் வாக்குமூலத்துக்குக் கழகத்தில் படிவம் இல்லாததால், புகார்ப் படிவத்தில் 'புகார் செய்பவர்', 'புகாருக்கு ஆளானவர்' இரண்டு கட்டத்திலும் தன் பெயரையே எழுதினார். இரண்டுக்கும் தனித்தனியாக அடையாளச் சான்று கேட்டார் செயலாளர். அதையும் கொடுத்தார்.

மூடிய அறை விசாரணை. சாட்சியாகக் கூட யாருக்கும் இடமில்லை. மேஜை மேல் முத்திரையிட்ட தாள் வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். வண்டி வரும்போது எழுந்து நிற்பது மரபு.

தலைவர் தராசில் தாளை வைத்தார். ஏழு கிராம்.

"அன்னிக்கு ஏழு, இன்னிக்கும் ஏழு. வண்டில மாற்றம் எதுவும் இல்ல," என்றார்.

"ஐயா, மாத்தினது தாள்ல இல்ல. கம்ப்யூட்டர்ல. பென்டிரைவ் கொண்டாந்திருக்கேன். தொறந்து பாத்தா தெரியும்."

செயலாளர் பென்டிரைவை வாங்கித் தராசில் வைத்துப் பார்த்தார். "இதுவே ஒம்பது கிராம் இருக்கு சார். தாளோட ஒத்துப்போகல."

"ஏத்துக்க முடியாது," என்றார் தலைவர். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். புதுப் பல்லுக்கு அளவு கொடுத்திருந்தாரே தவிர, பழையதே இன்னும் நன்றாகப் பிடித்திருந்தது. பல்செட்காரரின் நல்ல காலத்து வேலை.

"தம்பி, நான் சொல்றதக் கேளுங்க. முப்பத்தோரு வருஷம் தராசுக்கு முத்திரை குத்தினவன் நான். அத்தன வருஷத்துல ஒரு தராசு கூடத் தப்புன்னு நான் எழுதினதில்ல. ஏன்? ஜனங்க வந்து சொல்வாங்க, கறிகாய் கொறையுது, அரிசி கொறையுதுன்னு. நான் முத்திரையப் பாப்பேன். முத்திரை என்னுது. என் முத்திரை இருக்குற தராசு தப்புன்னா, அப்புறம் நான் யாரு? இந்தக் கழகம் யாரு? உங்க வண்டி தப்புன்னு நாளைக்கு எழுதினா, நாங்க வெள்ளிக்கிழமை சுத்திச் சுத்தி வந்தது எதைன்னு ஊர்ல கேப்பான். எங்களுக்குத் தாள்தான் வண்டி. உங்க வண்டி அஞ்சுல ஓடியிருந்தா, அது எங்க வண்டி இல்ல. எங்க வண்டி ஏழுல நல்லா ஓடியிருக்கு. இடிச்சது உங்க மச்சான்."

"ஆனா ஐயா, நானே சொல்றேனே..."

"அதான் சங்கடம். நல்ல மனுஷன் ஒருத்தர் இப்படி வந்து தன்மேல பழியப் போட்டுக்குறார்னா, அவர் மனச அந்த அளவுக்குக் கலைச்சது யாரு? ஓட்டுநர்தான். சொந்தக்காரங்கற உரிமைல அழுத்தம் கொடுத்திருக்கார். செயலாளர், எழுதிக்கோங்க. தடை ஆறு மாசம்கிறத பன்னெண்டு ஆக்குங்க."

கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பிய கதையாயிற்று. பல்செட்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதற்கும் ஐந்து சக்கரம். நகர்ந்தது.

"இன்னொண்ணு," என்றார் செயலாளர், எழுதிக்கொண்டே. "வண்டி குறையற்றதுன்னு தீர்ப்புல எழுதிட்டோம் சார். கழக வரலாத்துல எந்த வண்டியையும் நாம அப்படி எழுதினதில்ல. எழுதிட்டு ஒண்ணும் செய்யாம விட்டா, தீர்ப்பு மேல நமக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்."

எல்லோரும் யோசித்தார்கள். யோசனையின் முடிவில், ஆண்டின் சிறந்த சீரமைப்பாளர் விருது பல்செட்காரருக்கு என்று ஏகமனதாக முடிவாயிற்று. அவர் வேண்டாம் என்றார். அடக்கம் என்று குறித்துக்கொண்டார்கள்.

டெப்போவுக்கு 'புதிய ஆதாரங்களின் அடிப்படையில் தடை நீட்டிப்பு' என்று ஒரு வரிக் கடிதம், ஓர் இணைப்போடு போயிற்று. பஸ்காரர் தவறவிட்ட பொருள்கள் அறையில் இன்னும் ஓர் ஆறு மாதத்துக்குத் தன் டீக்குவளையை நிரந்தரமாக வைத்தார்.

விருது விழா நாளில் மாடி நிறைய ஆட்கள். ஆரஞ்சு மேலங்கிகளை இஸ்திரி போட்டிருந்தார்கள், கீழேயே வசதி. கேடயம் ஸ்டீயரிங் மாதிரி வட்டமாக, கனமான மரத்தில், நடுவில் ஒரு சின்ன இறக்கை பொறித்து. கைதட்டலுக்கு நடுவில் பல்செட்காரர் அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், மூன்றாவது வரிசையில் மனைவி கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பஸ்காரர் எல்லோரையும் விடச் சத்தமாகக் கை தட்டிக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று ஒலிபெருக்கியை நீட்டினார்கள்.

இரண்டு வார்த்தை. 'தாளில் ஏழு' என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். வாயைத் திறந்தார். வாய்க்குள் பசைத் தட்டு வைத்த மாதிரி இருந்தது.

"நன்றி," என்றார். ஒரே வார்த்தை. அதையும் அடக்கம் என்றார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேடயத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "என் தம்பிக்குத்தான் கெட்ட நேரம். உங்க வேலை சுத்தம்னு அவனுங்க வாயாலயே சொல்லிட்டானுங்க பாருங்க," என்றாள். அவர் ஒரு கடை முன்னால் நின்று, தேவையில்லாமல் ஷூ லேஸ் கட்டினார். அன்று அவர் போட்டிருந்தது செருப்பு.

இதற்கு நடுவில் டெப்போவில் ஒரு கோப்புப் பெண் இருந்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெளியிலிருந்து வரும் கடிதங்களுக்கு எண் போட்டு அடுக்கும் வேலை. கழகத்தின் கடிதங்கள் அவள் மேஜைக்குத்தான் வந்தன. அவள் ஒழுங்காக எல்லாவற்றையும் படிக்கிறவள். டெப்போவிலேயே அந்தக் கெட்ட பழக்கம் அவளுக்கு மட்டும்தான். முதல் கடிதத்தைப் படித்துவிட்டுத் தவறவிட்ட பொருள்கள் அறைக்குப் போய், "விபத்து நடந்த ரோடு எது?" என்று கேட்டாள்.

"ரோடு இல்லீங்க."

"வண்டி நம்பர்?"

"வண்டியும் இல்லீங்க."

"அப்ப நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

"அதான் எனக்கும் தெரியல. டீ சாப்பிடுறீங்களா?"

அப்படித் தொடங்கியது. பிறகு அவள் டெப்போ விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். நூற்று முப்பதாம் பக்கத்தில் ஒரு ஓட்டை கிடைத்தது. வெளியார் எழுதிய கடிதங்கள் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகாது. ஆள் மட்டும் மாற்றலாகிப் போனால், குற்றம் இங்கேயே கோப்பில் உட்கார்ந்திருக்கும். ஆள் அங்கே பஸ் ஓட்டலாம்.

ஒன்பது மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் ஊருக்கு மாற்றல் கேட்டார் பஸ்காரர். கிடைத்தது. அக்கா அழுது, திட்டி, மறுபடி அழுது, தம்பியின் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

சாமான் ஏற்றும் காலையில் பல்செட்காரரும் மச்சானும் படுக்கைக் கட்டிலை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். பஸ்காரர் முன்பக்கம். அவர் பின்பக்கம்.

"மாமா, பின்னாடி லேசா இருக்கா?" என்று கேட்டார் பஸ்காரர், திரும்பாமல்.

கட்டில் ஒரு படியில் நின்றது.

"மாப்ளே..."

"மூணாவது ரவுண்டுலயே தெரிஞ்சுபோச்சு மாமா. ரெண்டு க்ளிக்கு. மூணு மாசம் அந்த வண்டில பழகினவனுக்குத் தெரியாதா?"

"ஏன்டா சொல்லல? விசாரணைல ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."

"சொன்னேன்டா! தலைவர்கிட்டச் சொன்னேன். எழுதிக் கொடுத்தேன், மூணு நகல்..."

"தெரியும். மூணாவது நகல் டெப்போவுக்குத்தான் வந்துச்சு. அவ காட்டினா. உங்க கையெழுத்து, ரெண்டு கட்டத்துலயும் உங்க பேரு." பஸ்காரர் இப்போது திரும்பினார். முகத்தில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. "கழகத்துக்குச் சொன்னீங்க, டெப்போவுக்கே எழுத்துல போயிருச்சு. எனக்குச் சொல்ல என்ன மாமா? ஒரு மாடிதானே கீழ எறங்கணும்."

ஊரில் எல்லோருக்கும் பல் செய்து கொடுத்த மனுஷனுக்குத் தன் வாயில் இருப்பது எதற்கென்று தெரியவில்லை.

"தூக்குங்க. கை வலிக்குது," என்றார் பஸ்காரர். தூக்கினார்கள்.

லாரி தெருமுனை திரும்பியதும் பல்செட்காரர் மேலே வந்தார். மனைவி ஜன்னலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. படிவம் எதுவும் இல்லாமல், நகல் எதுவும் இல்லாமல், முழுவதையும் சொன்னார். காலை ஒன்பதரை மணி, ரெண்டு க்ளிக், 'டயர் சூடாகல' என்ற பொய், எல்லாம். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அன்று மாடியில் செயலாளரைக் கிழித்த வாய் அல்லவா? ஒரு சத்தமும் இல்லை. பதினோரு நாள் ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டாம் நாள் சுவரிலிருந்து கேடயத்தைக் கழற்றிக் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டாள். வட்டம் வட்டத்தோடு அச்சாகப் பொருந்தியது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. குளிக்கப் போகும்போதெல்லாம் அவர் அதைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும், குளித்துவிட்டு மறுபடி மூட வேண்டும்.

மகளும் மருமகனும் வெகு தூரத்து ஊர் ஒன்றுக்குக் குடிபெயர, பின்னாலேயே தலைவரும் அவர்களோடு இருக்கப் போய்விட்டார். மாமனார் வந்து இறங்கிய வாரமே மருமகன் தான் சொந்தமாக வைத்திருந்த ஸ்டீயரிங்கை விற்றுவிட்டாராம். செயலாளர்தான் இப்போது தலைவர். தராசு அவரிடம் வந்திருக்கிறது. ஐந்தாவது சக்கரத் துணைக்குழு இடைக்கால அறிக்கை கொடுத்திருக்கிறது. அதிவேகச் சுற்றுப் பலகையில் பல்செட்காரரின் பெயர் அப்படியே இருக்கிறது. நல்ல பெயின்ட்.

கோப்புப் பெண் மறு வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஒன்பது மணி நேரம் தள்ளிப் போனாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம். வந்தவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போக மாப்பிள்ளையே பஸ் ஓட்டினார். புதுச் சட்டை, பழைய ஸ்டீயரிங். கல்யாணப் பெண் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில், அக்கா அவள் பக்கத்தில். பல்செட்காரர் கடைசி வரிசையில், பின் சக்கரத்துக்கு நேர் மேலே, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்தார்.

ஒரு வளைவு வந்தது. பஸ் வழுக்காமல், குலுங்காமல், தொட்டில் மாதிரித் திரும்பியது. கண்ணாடியில் பஸ்காரரின் கண் கடைசி வரிசையைத் தேடிப் பிடித்தது.

"மாமா! பின்னாடி எப்படி இருக்கு?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மனைவியும் திரும்பினாள்.

"நல்லா உக்காந்திருக்கு மாப்ளே," என்றார் பல்செட்காரர், தலை நிமிராமல். "கனமாத்தான் இருக்கு."